பி.எட். பயிற்சியின் தரத்தைப் பயிற்சி ஆசிரியர்கள் எதைக் கொண்டு மதிப்பிட வேண்டும்?

கேள்வி: பயிற்சி ஆசிரியை (கணிதம், இரண்டாம் ஆண்டு), விருதுநகர் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். ஒரு சுயநிதிக் கல்வியியல் கல்லூரியில் பி.எட். இரண்டாம் ஆண்டு படித்து வருகிறேன். பள்ளியில் பதினாறு வாரக் கற்பித்தல் பயிற்சியை முடித்துவிட்டு இப்போதுதான் கல்லூரிக்குத் திரும்பியிருக்கிறோம். நாக் (கல்லூரிகளின் தரத்தை ஆராயும் தேசிய அமைப்பு) மதிப்பீட்டுக்காக எங்கள் எல்லோரிடமும் ஒரு கருத்துப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். நூலகம் போதுமானதா, பாடத்திட்டம் முழுமையாக நடத்தப்பட்டதா, விரிவுரையாளர்கள் எளிதில் அணுகக்கூடியவர்களா, இணைய வசதி எப்படி, குடிநீர் எப்படி என்று கேள்விகள் நீள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இட வேண்டும். என் வகுப்புத் தோழிகளில் பலர் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுக் கொடுத்துவிட்டார்கள். சிலர், "உளவியல், தத்துவம் எல்லாம் வீண், பள்ளிக்குப் போன பிறகுதான் எதையாவது கற்றுக்கொண்டோம்" என்று பேசிக்கொள்கிறார்கள். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. ஏழாம் வகுப்பில் பின்னங்களை நினைவூட்டிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தான். மேலே உள்ளதை மேலேயும், கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறான். நான் கரும்பலகையில் மீச்சிறு பொது மடங்கு கண்டு, 3/6 + 2/6 = 5/6 என்று செய்து காட்டினேன். அவனும் அதை அப்படியே எழுதிக்கொண்டான். மறுநாள் வேறு கணக்குக் கொடுத்தபோது மறுபடியும் பழையபடிதான் செய்தான். அவனுக்குள் என்ன நடக்கிறது, நான் எதை மாற்றியிருக்க வேண்டும் என்று கேட்பதற்கு எனக்கு ஆள் இல்லை. கல்லூரியிலிருந்து பார்வையிட வந்த விரிவுரையாளர் கடைசி பெஞ்சில் சிறிது நேரம் அமர்ந்திருந்து, "குரல் வளம் நன்று, கரும்பலகைப் பயன்பாடு நன்று" என்று பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டு, அடுத்த பள்ளிக்குப் பேருந்து பிடிக்கப் போய்விட்டார். வழிகாட்டி ஆசிரியைக்கோ அந்தப் பாடவேளையில் எமிஸ் வேலை, அதாவது பள்ளி விவரங்களை இணையத்தில் பதிவேற்றும் வேலை, இருந்தது.

பாடக்குறிப்பேடு, நுண்ணிலைக் கற்பித்தல் பதிவேடு, உற்றுநோக்கல் பதிவேடு, தனியாள் ஆய்வு, உளவியல் சோதனைப் பதிவேடு, சாதனைத் தேர்வு என்று ஒரு பெட்டி நிறையப் பதிவேடுகள் என்னிடம் இருக்கின்றன. செய்முறைத் தேர்வுக் குழுவினர் வந்து அவற்றைத்தான் பார்ப்பார்கள். ஆனால் அந்த மாணவனின் 2/5 அவற்றில் எங்கும் இல்லை.

பணியில் இருப்பவர்களிடமும், ஆசிரியர் கல்வியில் அனுபவம் உள்ளவர்களிடமும் கேட்கிறேன்: பயிற்சியின் தரத்தை நாங்கள் எதைக் கொண்டு அளப்பது? படிக்கும்போதே பயிற்சி ஆசிரியர்கள் சொல்லும் கருத்துக்கு ஏதேனும் மதிப்பு உண்டா? படிவத்தின் இறுதியில் "பிற கருத்துகள்" என்று நான்கு வரி இடம் விட்டிருக்கிறார்கள். அதில் உருப்படியாக எதையாவது எழுத விரும்புகிறேன்.

பதில் 1: கணிதப் பட்டதாரி ஆசிரியர், அரசு உயர்நிலைப் பள்ளி, திண்டுக்கல் மாவட்டம்

வணக்கம் சகோதரி. முதலில் அந்த மாணவனுக்கு வருகிறேன், ஏனெனில் உங்கள் கேள்விக்கான விடை அவனிடம்தான் இருக்கிறது. அவன் விதியை மறந்துவிடவில்லை. பின்னம் என்பது ஓர் எண் என்ற எண்ணமே அவனுக்கு இன்னும் வரவில்லை. மேலே ஓர் எண், கீழே ஓர் எண், நடுவே ஒரு கோடு என்றுதான் பார்க்கிறான். அப்படிப்பட்டவனிடம் மீச்சிறு பொது மடங்கை எத்தனை முறை செய்து காட்டினாலும் அது இன்னொரு சடங்காகவே போய்ச் சேரும். நீங்கள் அவனிடம், "2/5 பெரியதா, 1/2 பெரியதா?" என்று கேட்டிருக்க வேண்டும். ஒரு காகிதப் பட்டையை இரண்டாக மடித்தும், அதே நீளமுள்ள இன்னொன்றை ஐந்தாக மடித்தும் பார்த்தால், ஐந்தில் இரண்டு பாதியைக்கூட எட்டவில்லை என்பது அவன் கண்ணுக்கே தெரியும். பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு எப்படிப் பாதியைவிடக் குறையும் என்று அவனே திகைக்க வேண்டும். அந்தத் திகைப்புக்குப் பிறகு ஆறு சம பாகம் பற்றிப் பேசினால் காது கொடுத்துக் கேட்பான்.

இதை நான் சொல்லக் காரணம், கணிதம் தெரிந்திருப்பதும் கற்பித்தல் முறைகள் தெரிந்திருப்பதும் மட்டும் ஓர் ஆசிரியருக்குப் போதாது என்பதுதான். இந்தப் பாடத்தில் இந்த இடத்தில் பிள்ளைகள் இப்படித்தான் தடுமாறுவார்கள், அப்போது இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்ற அறிவு தனியானது. லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1986இல் இதைத் தனி அறிவுத் துறையாகவே வரையறுத்தார். உங்கள் கற்பித்தல் முறைப் பாடத்தில் அவர் பெயர் வந்திருக்கலாம். ஆனால் அந்த அறிவு, பயிற்சி ஆசிரியர் நடத்திய வகுப்பைப் பார்த்த ஒருவர் வகுப்பு முடிந்த கையோடு உட்கார்ந்து பேசினால்தான் உருவாகும்.

பள்ளியின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பயிற்சி ஆசிரியர்கள் முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதத்துடன் வருகிறார்கள். எத்தனை பேர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதெல்லாம் அதில் இருக்கும். வழிகாட்டி ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பது நான் பார்த்த எந்தக் கடிதத்திலும் இருந்ததில்லை. வழிகாட்டுவதற்கென்று எங்களுக்குப் பயிற்சி கிடையாது, பாடவேளையிலும் குறைப்பு இல்லை. விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்புக்கு ஆள் கிடைத்தது என்ற அளவில்தான் பல பள்ளிகள் உங்களைப் பார்க்கின்றன. கேட்க வருத்தமாக இருந்தாலும் நடைமுறை இதுதான். ஆகவே படிவத்தில் கல்லூரியை மட்டும் மதிப்பிடாதீர்கள். பயிற்சிப் பள்ளியைப் பற்றியும் எழுதுங்கள். பதினாறு வாரம் நீங்கள் இருந்த இடத்தைப் பற்றி அந்தப் படிவத்தில் ஒரு கேள்விகூட இல்லை என்பதையே முதல் வரியாக எழுதலாம்.

பதில் 2: ஓய்வுபெற்ற கல்வியியல் இணைப் பேராசிரியர், அரசு உதவி பெறும் கல்லூரி

அன்புள்ள மாணவிக்கு, பயிற்சி ஆசிரியர்களின் கருத்துக்கு மதிப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக உண்டு. ஆனால் எந்தக் கேள்விக்கு எந்தக் காலத்தில் அவர்களால் விடை சொல்ல முடியும் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். "இந்தக் கோட்பாடு உங்களுக்குப் பயன்பட்டதா?" என்ற கேள்விக்குப் படிப்பின் நடுவில் வரும் விடையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பியாஜே, வைகாட்ஸ்கி என்ற உளவியலாளர்களின் கோட்பாடுகள், உள்ளடக்கிய பள்ளி, பாலினமும் சமூகமும் ஆகியவற்றைத் தேர்வுக்காகப் படித்தபோது வெறுத்தவர்கள், வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்து அதே நோட்டைத் தேடி எடுத்ததாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். மாறாக, "உங்கள் வகுப்பை யாராவது முழுமையாகப் பார்த்தார்களா? பார்த்தபின் பேசினார்களா? பேசியபின் அதே பாடத்தை மீண்டும் நடத்த உங்களுக்கு வாய்ப்புக் கிடைத்ததா?" என்ற கேள்விகளுக்கு, உங்களைத் தவிர வேறு யாராலும் உண்மையான விடை தர முடியாது. இந்த மூன்று கேள்விகளும் எந்தப் படிவத்திலும் இருப்பதில்லை என்பதே என் நெடுநாள் மனக்குறை.

நுண்ணிலைக் கற்பித்தலையே, அதாவது ஒரு கற்பித்தல் திறனை மட்டும் எடுத்துச் சில நிமிடம் நடத்திப் பழகுவதையே, எடுத்துக்கொள்ளுங்கள். 1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான அந்த முறை இந்தியச் சூழலுக்கு ஏற்ப 36 நிமிடச் சுழற்சியாக வகுக்கப்பட்டது: ஆறு நிமிடம் கற்பித்தல், ஆறு நிமிடம் பின்னூட்டம், பன்னிரண்டு நிமிடம் மறுதிட்டமிடல், ஆறு நிமிடம் மறுகற்பித்தல், மீண்டும் ஆறு நிமிடம் பின்னூட்டம். மிக நீண்ட பகுதி எது என்று பாருங்கள். யோசித்து மாற்றிக்கொள்வதற்கான நேரம்தான். இன்று பெரும்பாலான இடங்களில் என்ன நடக்கிறது? ஐம்பது பேர் வரிசையில் நிற்பதால், ஒவ்வொருவரும் முதல் ஆறு நிமிடத்தை மட்டும் நடத்திவிட்டு உட்கார்கிறார்கள். மறுதிட்டமும் மறுகற்பித்தலும் பதிவேட்டில் மட்டும் நடக்கின்றன. முறையின் உயிர் எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்தை வெட்டிவிட்டு மீதியை வைத்துக்கொண்டோம். பிறகு பயிற்சி ஆசிரியர்கள், "நுண்ணிலைக் கற்பித்தல் நாடகம் போல இருக்கிறது" என்று சொன்னால் அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

காரணங்களில் ஒன்று எண்ணிக்கை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைப்படி, இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து 200 மாணவர்கள் உள்ள கல்லூரிக்கு 16 முழுநேர ஆசிரியர்கள் வேண்டும். இந்தப் பதினாறு பேரில் கலை, உடற்கல்வி ஆசிரியர்களும் அடக்கம். எல்லாப் பணியிடங்களும் உண்மையில் நிரப்பப்பட்ட கல்லூரியிலேயே, இரண்டாம் ஆண்டு மாணவர்கள் பல ஊர்ப் பள்ளிகளில் சிதறிக் கிடக்கும்போது, முதலாண்டு வகுப்புகளையும் நடத்திக்கொண்டு ஒரு விரிவுரையாளர் பத்துப் பேரையாவது பார்த்து வர வேண்டியிருக்கும். பணியிடங்கள் காகிதத்தில் மட்டும் நிரம்பியிருக்கும் கல்லூரியில் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1856இல் தொடங்கப்பட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தின் வழிவந்த சைதாப்பேட்டைக் கல்லூரியின் வளாகத்திலேயே மாதிரிப் பள்ளி ஒன்று இருப்பதை நீங்கள் அறிந்திருக்கலாம். இத்தகைய அமைப்பின் பொருள் இதுதான்: விரிவுரையாளர் படியிறங்கி நடந்தால் வகுப்பறை, காலையில் பார்த்த பாடத்தை மதியம் பேசி, மறுநாள் மீண்டும் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 600-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் உருவானபோது, இந்தப் பிணைப்பு அவற்றோடு சேர்ந்து வளரவில்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் பல்கலைக்கழகத்திடமிருந்தும் பள்ளிகளிடமிருந்தும் ஒன்றிடமிருந்து ஒன்றும் தனிமைப்பட்டுக் கிடக்கின்றன என்று 1964–66 கோத்தாரி கல்வி ஆணையமே எழுதியது. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012இல் தந்த அறிக்கையும் பயிற்சிக் காலத்தையும் பள்ளி அனுபவத்தையும் கூட்டச் சொன்னது. அதன் விளைவாக 2015–16 முதல் பி.எட். இரண்டு ஆண்டுகள் ஆயிற்று. இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பள்ளிப் பயிற்சி மொத்தம் 20 வாரம் ஆயிற்று. காலம் நீண்டது உண்மை. ஆனால் கூடுதலாகக் கிடைத்த வாரங்களில் யார் யாரைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதை எவரும் உறுதிசெய்யவில்லை. இப்போது ஓராண்டுப் படிப்பை மீண்டும் கொண்டுவருவது பற்றியும், நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பைப் பற்றியும் பேசுகிறார்கள். ஆண்டுகளைக் கூட்டினாலும் குறைத்தாலும், மறுகற்பித்தல் நடக்காத வரை நான் அதைச் சீர்திருத்தம் என்று ஏற்க மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு வருகை கட்டாயம் என்று விதி இருந்தும், "தினமும் வர வேண்டுமா?" என்று சேர்க்கையின்போதே கேட்கும் மாணவர்கள் இருக்கிறார்கள், "தேவையில்லை" என்று சொல்லும் கல்லூரிகளும் இருக்கின்றன. சான்றிதழ் போதும் என்று வருபவர்கள் தரத்தைப் பற்றிப் புகார் சொல்லும் தகுதியைத் தாங்களே விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள்.

பதில் 3: இடைநிலை ஆசிரியை, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம்

ஐயாவின் பதிலில் பெரும்பகுதியை முழுமனதோடு ஏற்கிறேன். கடைசிப் பத்தியை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது. வராமலே பட்டம் வாங்குவது தவறுதான். ஆனால் ஒரு பயிற்சி ஆசிரியர் ஏன் சான்றிதழை மட்டும் நினைக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். பயிற்சியை எவ்வளவு நன்றாக முடித்தாலும் வேலைக்கான கதவைத் திறப்பது ஆசிரியர் தகுதித் தேர்வுதான். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான முதல் தாளில் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் ஆகியவற்றில் தலா 30 என்று 150 வினாக்கள். எல்லாமே விடையைத் தேர்ந்தெடுத்துக் குறிக்கும் வினாக்கள். 2012இல் தமிழ்நாட்டில் முதன்முதலாக நடந்தபோது எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அந்த அச்சம் இன்றுவரை போகவில்லை. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்த பிறகு, அச்சம் எங்கள் ஆசிரியர் அறைகளுக்கும் வந்துவிட்டது. இந்த நிலையில், பகலில் கல்லூரிக்கும் மாலையில் பயிற்சி மையத்துக்கும் ஓடும் ஒரு பெண்ணிடம் உங்கள் கல்லூரி எப்படி என்று கேட்டால், தேர்வுக்கு அது உதவியதா என்பதை வைத்துத்தான் சொல்வாள். நன்றாகக் கற்பிப்பவர் யார் என்று பார்க்கும் வழியே இல்லாத முறை வேலையைத் தீர்மானிக்கும்போது, கற்பிக்கக் கற்றுக்கொள்வதில் அக்கறை காட்டச் சொல்வது அவர்கள் மேல் சுமத்தும் அநியாயம்.

நான் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் பட்டயப் பயிற்சி முடித்தவள். விரிவுரையாளர்கள் அக்கறையானவர்கள். எங்கள் வகுப்புகளைப் பார்த்தார்கள், பேசினார்கள். அந்த வகையில் நான் கொடுத்துவைத்தவள். என் குறை வேறு. நாங்கள் எழுதிய ஒவ்வொரு பாடத்திட்டமும் ஒரு வகுப்பு, ஓர் ஆசிரியர், ஒரு பாடம், நாற்பது நிமிடம் என்ற கணக்கில் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் என் முன் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வகுப்புப் பிள்ளை அழுதுகொண்டிருக்கும், மூன்றாம் வகுப்புப் பிள்ளை முடித்துவிட்டு "டீச்சர், அடுத்து என்ன?" என்று நிற்கும். பிள்ளை தன் வேகத்தில் படிப்படியாக ஏறிச் செல்லும் செயல்வழிக் கற்றல் அட்டைகளும் ஏணியும் இருந்த காலத்தில் அவை ஓரளவு தாங்கின. இப்போது எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறோம். ஒரே அறையில் மூன்று நிலைகளை நடத்துவது எப்படி என்பதை நான் கற்றது பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியையின் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துத்தான். தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் எத்தனையோ இப்படிப்பட்டவையாக இருக்க, பயிற்சியில் இது ஓரத்தில் ஓர் அலகாகக் கிடப்பது எனக்கு இன்றும் புரியவில்லை.

எனவே மாணவியே, "நான் பயிற்சி பெற்ற பள்ளி, நாளை நான் வேலை செய்யப்போகும் பள்ளியைப் போல இருந்ததா?" என்ற கேள்வியையும் உங்கள் நான்கு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 4: ஆசிரியர், யாழ்ப்பாணம்

இங்குள்ள அமைப்பு சற்று வேறானது என்பதால் ஒரு தகவலைப் பகிர்ந்துகொள்கிறேன். எங்கள் தேசிய கல்வியியற் கல்லூரிகளில் பயிற்சி மூன்று ஆண்டுகள். முதலிரண்டு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படிக்கும் ஆசிரிய மாணவர், மூன்றாவது ஆண்டு முழுவதையும் ஒரு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சியில் கழிக்கிறார். ஓர் ஆண்டு முழுவதும் ஒரே பாடசாலையில் நிற்பதால் முதலாம் தவணையில் பிழையாகிப்போன பாடத்தின் விளைவை மூன்றாம் தவணையில் தானே காண்கிறார். அதிபரும் சக ஆசிரியர்களும் அவரை விருந்தாளியாகப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். எனினும் நீண்ட காலம் மட்டும் எதையும் தந்துவிடாது. பொறுப்பாசிரியர் அக்கறையற்றவராக வாய்த்த இடத்தில், ஆண்டு முழுவதும் பதில் ஆசிரியராகவே ஓடித் திரிந்த ஆசிரிய மாணவர்களையும் நான் கண்டிருக்கிறேன். அவர்களிடம் கேட்டால் "பயிற்சி பயனற்றது" என்றுதான் சொல்வார்கள், அதே கல்லூரியில் அவர்களுடன் படித்த வேறொருவர் முற்றிலும் மாறாகச் சொல்வார். ஒரு கல்லூரியின் சராசரி மதிப்பெண்ணைவிட, அந்த இருவருக்கும் இடையே ஏன் இவ்வளவு வேறுபாடு என்று கேட்பது அதிகம் பயன் தரும் என்பது என் எண்ணம்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. காகிதப் பட்டை யோசனையை அந்தப் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியைக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவரே அந்த மாணவனிடம் செய்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

படிவத்தில் எழுத இப்படி வரைந்திருக்கிறேன்: "என் வகுப்பு ஒன்றைத் தொடக்கம் முதல் இறுதி வரை எவரும் பார்க்கவில்லை. நடத்திய பாடத்தைத் திருத்தி மீண்டும் நடத்தும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. பயிற்சிப் பள்ளியைப் பற்றியும் வழிகாட்டி ஆசிரியரைப் பற்றியும் இந்தப் படிவத்தில் கேள்விகள் இல்லை, சேர்க்கப்பட வேண்டும். பல வகுப்புகளை ஒரே அறையில் கையாளும் பள்ளிகளுக்கும் பயிற்சி ஆசிரியர்களை அனுப்ப வேண்டும்." தேர்வுக்கு முன் இதை எழுதிக் கொடுப்பதில் தோழிகளுக்குத் தயக்கம் இருக்கிறது. பெயர் எழுதாத படிவம் என்று சொல்லியிருந்தாலும் கையெழுத்து தெரிந்துவிடும் என்கிறார்கள்.

பேராசிரியர் ஐயாவிடம் ஒரு கேள்வி. விரிவுரையாளர் வர இயலாத நாள்களில், ஒரே பள்ளிக்குப் போகும் நாங்கள் இருவர் ஒருவர் வகுப்பை மற்றவர் பார்த்துப் பேசிக்கொண்டால் அது பயன் தருமா? அடுத்து வரும் தங்கைகளுக்கு இதையாவது சொல்லிவிட்டுப் போக நினைக்கிறேன்.

பதில் 5: ஓய்வுபெற்ற கல்வியியல் இணைப் பேராசிரியர்

பயன் தரும், ஒரு நிபந்தனையோடு. பார்ப்பவர் உங்களைப் பார்க்கக் கூடாது, பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். குரல், கரும்பலகை, நடமாட்டம் ஆகியவற்றுக்குக் குறியிடும் அட்டவணையை அன்றைக்கு மூடி வைத்துவிடச் சொல்லுங்கள். மூன்று பிள்ளைகளை முன்கூட்டியே தேர்ந்துகொண்டு, அந்த நாற்பது நிமிடத்தில் அவர்கள் என்ன எழுதினார்கள், எந்த இடத்தில் கையை நிறுத்தினார்கள், யாரைப் பார்த்து எழுதினார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். வகுப்பு முடிந்ததும் அந்தக் குறிப்பை வைத்துப் பேசுங்கள். அதே பாடத்தை மறுநாள் மற்றப் பிரிவில் மாற்றி நடத்துங்கள். பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகளில் 'அ', 'ஆ' என இரு பிரிவுகள் இருப்பதால், தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டால் கால அட்டவணையில் இதற்கு இடம் கிடைக்கும். தோழிகளின் தயக்கம் நியாயமானதுதான். எல்லோரும் சேர்ந்து ஒரே வாசகத்தைத் தட்டச்சு செய்து ஒட்டிக் கொடுங்கள். அப்போது கையெழுத்தைத் தேட மாட்டார்கள், வாசகத்தைப் படிப்பார்கள்.